கத்தரிப்பூ நிறம் பூண்ட களை

தை மாதத்தின் கடைசி வாரத்தில், காற்றே இல்லாத ஒரு காலைப்பொழுதில், மதகடி வயல் தானாகவே உதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஒலியை முதலில் கேட்டவள் வேம்பு. களை பறிப்பதானாலும் கதிர் அறுப்பதானாலும், மேலக்கோரையூர்க் குடியிருப்பிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு பெண்களுக்கும் முன்னால் நடப்பவள் அவள்தான். அன்றும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பின்மீது முதலாவதாக வந்தவள், வாய்க்கால் மதகைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். கூரைமேல் மழைத்தூறல் விழுவதைப் போன்ற ஒலி, வயலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வானமோ துடைத்துவிட்டாற்போல் வெளிறிக் கிடந்தது.

"என்னக்கா, நட்ட மரமாட்டம் நின்னுட்ட?" என்றாள் பின்னால் வந்த செவ்வந்தி.

"சத்தம் கேக்குதா?"

"எலி கொறிக்குதோ என்னமோ."

"ஒன்றரை வேலி நெலத்துலயும் ஒரே நேரத்துலயா?"

வேம்பு வயலில் இறங்கினாள். ஈரம் வற்றி வெடிக்கத் தொடங்கியிருந்த மண்ணெங்கும் நெல்மணிகள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். உமி கருத்திருந்தது; நுனியில் விரல் நீளத்திற்கு ஒரு வால். அந்த வாலிலிருந்த சுணை அவள் விரலைப் பற்றிக்கொண்டு விட மறுத்தது. பல்லால் கடித்துப் பிளந்தாள். உள்ளே அரிசி, காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் இருந்தது.

காட்டுநெல். பயிருக்குள் பயிராக வளர்ந்து, அறுவடைக்கு முன்பே மணியைக் கொட்டிவிட்டு வெறும் தாளாக நிற்கும் களை. காவிரித் தண்ணீர் பாயும் வயல்களில் அதைக் காணாதவர் கிடையாது. ஆனால், காட்டுநெல்லின் தாள் பச்சையாக இருக்கும். இங்கே உதிர்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு தாளும், பக்கத்தில் நின்ற நல்ல பயிரைப் போலவே, அடியிலிருந்து இலை நுனிவரை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

வேம்பு சுற்றிலும் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்கு தாள்களின் கதிரில் மணியே இல்லை.

அந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தார் ஊர்தோறும் வேலைநிறுத்தம் செய்த காலத்தில், தன் வயலில் பெண்கள் வேண்டுமென்றே களையை விட்டுவைத்தார்கள் என்று நிலத்துக்காரரான துரைராசு நம்பினார். உண்மை அது அன்று. இளம்பருவத்தில் காட்டுநெல்லுக்கும் நல்ல நெல்லுக்கும் வேற்றுமை காண்பது யாருக்குமே எளிதன்று. அதை அவரிடம் எடுத்துச் சொல்பவர் இல்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார். எங்கோ வடக்கே சென்று, தாளும் இலையும் ஊதாவாக இருக்கும் ஒரு நெல்விதையைக் கொண்டுவந்தார். குடியிருப்பில் அதற்குக் கத்தரிநெல் என்று பெயர் வைத்தார்கள். ஊதாவுக்கு நடுவே பச்சை தெரிந்தால் அது களை. வரப்பில் குடையோடு நின்று பார்க்கும் காரியக்காரர் தியாகராசனுக்குக்கூட அது தெரியும். பச்சை ஒன்று மிஞ்சினாலும் அது யார் நிரையில் மிஞ்சியது என்று சொல்லிவிடலாம். ஊதாத் தாள் ஒன்றைப் பறித்துவிட்டாலும் அப்படியே. பறித்தவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. இரண்டாம் போகத்தில் ராசம்மாள் என்பவள் ஒரே ஓர் ஊதாத் தாளைப் பிடுங்கியதற்காகச் சேற்றுக்காலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அதன்பின் யார் கையும் ஊதாவை நெருங்கியதில்லை.

முதல் மூன்று போகமும் வயல் கண்ணாடி போல இருந்தது. இது ஆறாவது போகம்.

வெயில் ஏறுவதற்குள் துரைராசுக்குச் செய்தி எட்டிவிட்டது. குடை பிடித்த தியாகராசன் பின்தொடர, வெள்ளை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் வந்தார். ஒரு கதிரை ஒடித்துப் பார்த்தார். இன்னொன்று. மூன்றாவதை உள்ளங்கையில் தட்டினார், ஒன்றும் விழவில்லை. அவர் முகம் சிவக்கவில்லை. வேம்புக்கு அதுவே அச்சத்தைத் தந்தது.

"நாத்தங்கால்ல கலந்திருக்கீங்க," என்றார் அமைதியாக.

"இல்லீங்கய்யா."

"ஐயாவா? முன்னெல்லாம் ஆண்டேன்னு சொல்லுவீங்க. சங்கம் வந்து மரியாதைய மாத்திடுச்சு, வெதையையும் மாத்திடுச்சு." கதிரைக் கீழே போட்டார். "காட்டுநெல்லு பச்சையாத்தான் இருக்கும். கடவுள் படைச்சது அப்படி. அது ஒரு நாள் காலையில எந்திரிச்சு ஊதாச் சேலை கட்டிக்காது. எங்கயோ பொறுக்கின ஒரு ஊதாக் காட்டுநெல்ல யாரோ என் வெதையில கலந்திருக்கான். யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாதுங்க."

"செல்லதுரைன்னு சொன்னா எனக்குப் போதும்."

செல்லதுரை சங்கத்தின் கிளைச் செயலாளர்.

"மாசியில தாசில்தார் மனை அளக்க வராரு. யார் யார் குடியிருக்காங்களோ அவங்களுக்கே எழுதிக் குடுக்கணும்னு சர்க்காரு சட்டம் போட்டுருக்கு. வெதையக் கெடுத்தவன்னு போலீசுல பேரு ஏறினவ அன்னிக்கு எங்க இருப்பா? வர வெள்ளிக்கிழமை வேளாண்மை ஆபீசர் வராரு. கலப்படம்னு அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு நேரா பூதலூர் ஸ்டேஷனுக்குப் போறேன். அதுல ஒரு பேரு இருக்கும். அவன் பேரா, உன் பேரா, நீயே முடிவு பண்ணு."

அவர் போனபின்பும் வயல் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் நடுப்பகலில், மற்றவர்கள் மேல்வயலில் அறுப்புக்குச் சென்றிருந்தபோது, வேம்பு தனியாக மதகடி வயலுக்கு வந்தாள். வந்ததற்குக் காரணம், அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றை மனத்தில் வைத்திருந்ததுதான்.

மூன்றாம் போகத்தில், குறுவை நட்டு இருபத்தைந்தாம் நாள், இந்த வயலின் நடுவில் குனிந்து பச்சையைப் பறித்துக்கொண்டு வந்தவளின் விரல்கள் ஓர் ஊதாத் தாளின்மேல் தாமாகவே நின்றன. கண்ணுக்கு அது பயிர். விரலுக்குப் பயிரில்லை. இலையின் ஓரம் அறுத்தது. தூர் நிமிராமல் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. முப்பது ஆண்டுகளாகக் களையெடுத்த விரல் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். தலை நிமிர்ந்து பார்த்தாள். வரப்பில் தியாகராசனின் குடை நின்றது. ராசம்மாள் அழுதுகொண்டே வரப்பேறிப் போனது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துக்கொண்டாள். அடுத்த அடி வைத்தபின், தன் முதுகை அந்தத் தாள் பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அன்று அது ஒன்றே ஒன்று.

இப்போது அவற்றின் நடுவே நின்றாள். நல்ல பயிரும் அதுவுமாக இடுப்பளவு ஊதா, நான்கு பக்கமும். எது எதுவென்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. தெரிந்த முகங்கள் நிறைந்த கல்யாணக் கூட்டத்தில், மூன்றில் ஒருவர் நமக்குத் தெரிந்தவரின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த வேறு யாரோ என்று அறிய நேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படியிருந்தது. காற்று அசையவில்லை. அவள் நகர்ந்தபோது சேலை பட்ட தாள்கள் பொலபொலவென்று கொட்டின. நின்றால் நின்றன. மீண்டும் நகர்ந்தாள், கொட்டின. அவள் போகும் வழியெல்லாம் அவை விதைத்துக்கொண்டன. வால் நீண்ட மணிகள் அவளுடைய சேலையின் கரையிலும் கால்மயிரிலும் தொற்றிக்கொண்டு வந்தன.

துரைராசு சொன்னது உண்மையாகத்தான் இருக்குமோ என்று ஒரு கணம் ஐயுற்றாள். யாராவது கலந்திருந்தால், அது நாற்றோடு நாற்றாக வயல் முழுவதும் சமமாகப் போயிருக்கும். அப்படித்தானே போயிருக்க வேண்டும்? அவள் வயலின் வடகிழக்கு மூலையைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பாம்புப் புற்று உண்டு. அதைச் சுற்றிலும் நடுவார்கள், அறுப்பார்கள், ஆனால், ஒரு கயிறு தூரத்துக்கு யாரும் களை பறிப்பதில்லை. குனிந்து கையை விட்டுத் துழாவினால் நாகம் தன் மடியைத் துழாவுவதாக எண்ணிக்கொள்ளும் என்பது களையெடுக்கும் பெண்களின் நம்பிக்கை. எத்தனையோ தலைமுறையாக அந்த வட்டத்துக்குள் எது முளைத்தாலும் முளைத்தபடியே விட்டுவிடுவார்கள். வரப்பில் நின்ற தியாகராசனும் அந்த மூலையின் பச்சையைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு.

வேம்பு புற்றை நோக்கி நடந்தாள். கும்பிட்டுவிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மணி உதிர்ந்த தாள் எது, அதன் நிறம் என்ன என்பதைத்தான் பார்த்தாள். பார்த்து முடித்ததும் மீண்டும் ஒருமுறை புற்றைக் கும்பிட்டாள்.

மூன்றாம் போகத்தில் விட்டுவைத்த தாளைப் பற்றி அன்று பிற்பகல் செவ்வந்தியிடம் மட்டும் சொன்னாள்.

"அத வெளியில சொல்லாதக்கா," என்றாள் செவ்வந்தி. வழக்கமாக எதையும் கிண்டலாகப் பேசுபவள் அன்று குரலைத் தாழ்த்தினாள். "தெரிஞ்சே விட்டேன்னு நீயே சொன்னா அந்தாளுக்கு வேற என்ன வேணும்? வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. செல்லதுரை ஆம்பள. கேசு போட்டா சங்கம் பாத்துக்கும். உன்னை யாரு பாப்பா?"

"அவன் செய்யலயே."

"நீயுந்தான் செய்யல."

"அதான் எனக்குத் தெரியல," என்றாள் வேம்பு.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து பூதலூரில் இறங்கிய வேளாண்மை அலுவலர் அப்துல் மஜீது, வாடகை சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். துரைராசு அவருக்கு நாற்காலி போடச் சொன்னார்; அவர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வயலில் இறங்கினார். துரைராசும் தியாகராசனும் வரப்பில் நின்றார்கள். எதிர் வரப்பில் பெண்களும் செல்லதுரையும்.

"கலப்படந்தானே?" என்றார் துரைராசு. "எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சாப்பாட்டுக்குப் போகலாம்."

"பாத்துட்டுச் சொல்றேங்க."

வேம்பு வரப்பை விட்டு இறங்கி வந்தாள். "ஆபீசரய்யா, ஒண்ணு காட்டணுங்க. அந்த மூலைக்கு வரணும்."

"நீங்க யாரும்மா?"

"இந்த வயல்ல களை பறிக்கிறவங்க."

"கலந்ததும் இவதான்," என்றார் வரப்பிலிருந்து துரைராசு.

அலுவலர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேம்பின் பின்னே நடந்தார். புற்றருகே அவள் நின்றாள். "கத்தரிநெல்லு போட்டு இது ஆறாவது போகங்க, மத்த எடமெல்லாம் பச்சையப் பறிச்சுடுவோம். இந்தக் கயிறு தூரத்துக்குள்ள நாங்க கைய வைக்கிறதில்லீங்க. நாத்து அதே நாத்து. தண்ணி அதே தண்ணி. நட்டதும் நாங்கதான். உதிர்ந்த தாளு என்ன நெறத்துல இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். நெடுநேரம் எண்ணினார். புற்றைச் சுற்றிய வட்டத்துக்குள் உதிர்ந்து நின்ற காட்டுநெல் நூற்றுப் பதினேழு. அவற்றில் தொண்ணூற்றாறு பச்சை, இருபத்தொன்றே ஊதா. பிறகு வட்டத்துக்கு வெளியே அதே அளவில் கயிறு போட்டு எண்ணினார். நாற்பத்து மூன்று. அத்தனையும் ஊதா, பச்சை ஒன்றுகூட இல்லை. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் வியர்வை வழிந்தது. எண்ணியதைக் காகிதத்தில் குறித்துவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் ஒருமுறை எண்ணினார்.

"புத்தகத்துல இதுக்கெல்லாம் யுகம் யுகமா ஆகும்னு படிச்சிருக்கேன்," என்றார் மெதுவாக. "இங்க ஆறு போகத்துல நடந்திருக்கு."

"என்னது நடந்திருக்கு?" என்றார் துரைராசு.

"இதுல யாரும் எதையும் கலக்கலீங்க. நாத்தங்கால்ல கலந்திருந்தா, புத்தோரத்துலயும் இதே கணக்குல ஊதாவா இருந்திருக்கணும். நீங்க கத்தரிநெல்லு போட்ட மொத போகத்துல காட்டுநெல்லு அத்தனையும் பச்சை. பெரும்பாலும் பறிச்சுட்டாங்க. தப்பினது ஒண்ணு ரெண்டு உங்க பயிரோட சேர்ந்து பூத்துச்சு. உங்க பயிரோட மகரந்தம் பறந்து வந்து அதுல விழுந்துச்சு. அதுல பொறந்ததுல சிலது ஊதா."

"அப்படின்னா இதுக்கு அப்பன் ஐயாவோட நெல்லுதானா?" என்று செவ்வந்தி எதிர் வரப்பிலிருந்து கேட்டாள். "சரியாப் போச்சு. வாரிசுக்கு நெலத்துல பங்கு உண்டுல்ல."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரைராசு சிரிக்கவில்லை.

"களைக்கு மூளை இருக்காய்யா?" என்றார். "ஊதா கட்டிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு அது யோசிச்சுச்சா?"

"யோசிக்கலீங்க. அது ஒண்ணுமே பண்ணல. அடுத்த போகத்துல பச்சையா மொளைச்சத இவங்க பறிச்சாங்க, அது செத்துச்சு. ஊதாவா மொளைச்சத விட்டாங்க, அது வெதை போட்டுச்சு. அதுக்கடுத்த போகம் மறுபடியும் அப்படியே. பரிணாமம்னு சொல்றது இவ்வளவுதான். யாரு சாகிறது, யாரு வெதை போடுறது. அத மட்டும் ஒருத்தர் திரும்பத் திரும்ப முடிவு பண்ணினாப் போதும். புத்தோரத்துல யாரும் முடிவு பண்ணல. அதனால அங்க அது இன்னும் பச்சையா நிக்குது."

இதுவரை வேம்பு அஞ்சிக்கொண்டிருந்தது, ஊதாத் தாளுக்குள் ஒளிந்துகொண்டு தன்னைப் பார்க்கும் ஏதோ ஒன்றை. அது இருந்திருந்தால் அதற்கு ஒரு படையல் போடலாம், வேண்டிக்கொள்ளலாம், வைது விரட்டலாம். அப்படி யாருமே உள்ளே இல்லை. இவளுடைய கண்ணும் கையும் ஒவ்வொரு போகமும் தேர்ந்து தேர்ந்து, யாருமில்லாத அந்தத் தாளுக்குப் பயிரின் முகத்தை வரைந்து கொடுத்திருக்கின்றன. எவ்வளவு கவனமாகப் பறித்தாளோ அவ்வளவு திருத்தமாக வரைந்திருக்கிறாள்.

பேசாமல் இருந்திருந்தாலே அவள் பிழைத்திருப்பாள். அலுவலர் எழுதத் தொடங்கியிருந்தார். ஆனால், உண்மையைப் பாதியில் நிறுத்த அவளால் முடியவில்லை.

"ஆபீசரய்யா, இதையும் எழுதிக்குங்க. மூணாம் போகத்துலயே ஒண்ண நான் கண்டுபிடிச்சேன். கண்ணுக்கு ஊதா, கைக்குக் காட்டுநெல்லு. பறிக்காம விட்டேன்."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேட்டீங்களா," என்றார் துரைராசு. வரப்பிலிருந்து முதல் முறையாகக் கீழே இறங்கி வந்தார். "ஒத்துக்கிட்டா. தெரிஞ்சே விட்டிருக்கா. எழுதுங்க. நல்லா எழுதுங்க."

"ஏம்மா பறிக்கல?" என்றார் அலுவலர்.

"ஊதாவத் தொட்டா வேலை இல்லேன்னு உத்தரவுங்க."

"யாரு உத்தரவு?"

வேம்பு பதில் சொல்வதற்குள் துரைராசு குறுக்கிட்டார். "என் உத்தரவுதான். வேற யாரு போடுவா? கையில விட்டா களைன்னு சொல்லி என் பயிரைப் பூராவும் புடுங்கிப் போட்டுடுவாளுங்க. ராசம்மான்னு ஒருத்தி புடுங்கினா. அன்னிக்கே விரட்டினேன். பச்சையப் பறி, ஊதாவத் தொடாதே. மூணு வருஷமா ஒரு நாளும் நான் அதுல பிசகினதில்ல. வேணும்னா தியாகராசனக் கேளுங்க."

தியாகராசன் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆமாங்க," என்றார்.

அலுவலர் எழுதினார். எழுதியதை அனைவருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். விதையில் கலப்படம் இல்லை. களையின் நிறமாற்றம், பச்சைத் தாள்களை மட்டும் தொடர்ந்து ஆறு போகங்கள் அகற்றியதால் விளைந்தது. ஊதாத் தாள்களை அகற்றலாகாது என்பது நிலவுடைமையாளரின் உத்தரவு. அவ்வுத்தரவைத் தாமே இட்டதாக அவர் முன்னிலையில் கூறினார். கையெழுத்திட்டார். கரித்தாள் வைத்து எழுதிய படி ஒன்றைச் செல்லதுரையிடம் கொடுத்தார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு இத எடுத்துக்கிட்டு நீங்களே போறீங்களாய்யா, இல்ல நான் போகட்டுமா?" என்றார் செல்லதுரை, மிகுந்த பணிவோடு.

துரைராசு உதிர்ந்த மணிகளைக் காலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணுக்கு மேல் கிடந்ததைவிட, வெடிப்புகளுக்குள் விழுந்தது அதிகம் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கடைசியில், வேம்பைப் பார்க்காமலே பேசினார். குரலில் இருந்த அதட்டல் போய்விட்டிருந்தது.

"கைக்குத் தெரியும்னு சொன்னேல்ல? வர குறுவையில கண்ணால பாக்காதே. கையால தடவிப் பறி. ஊதாவோ பச்சையோ, உன் இஷ்டம். நான் வரப்புல ஆளு நிறுத்தல. மனை விஷயத்துலயும் குறுக்க வரல."

பெண்கள் வேம்பின் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளாக அவர்கள் எதிர்பார்த்திருந்தது இதைத்தான்.

"வேணாங்கய்யா," என்றாள் வேம்பு.

"என்ன வேணாம்?"

"இதுல எல்லாமே ஒரே மாதிரி அறுக்கலீங்க. நேத்துத் தடவிப் பாத்தேன். சிலது இலை ஓரம் கொஞ்சம் வழவழன்னு இருக்கு. நான் தடவித் தடவி சொரசொரப்பானதப் பறிச்சா, வழவழன்னு இருக்குறது நிக்கும். இன்னும் ஆறு போகத்துல என் விரலுக்கும் தெரியாது. அப்புறம் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அலுவலர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் அதைச் சொல்ல வாயெடுத்திருந்தார் என்பது தெரிந்தது.

"வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

"தண்ணி வந்ததும் ஒண்ணும் நடாம வயலை நனைச்சு விடுங்க. கெடக்குற வெதை அம்புட்டும் மொளைக்கட்டும். மொளைச்சதும் பூராவையும் மடக்கி உழுதுடுங்க. மறுபடியும் நனைச்சு விடுங்க, மறுபடியும் உழுங்க. நல்லது, கெட்டது, ஊதா, பச்சைன்னு யாரும் எதையும் பாக்கக் கூடாது. பொறுக்கினோம்னா அது கத்துக்கும்."

"கத்துக்காது," என்றார் அலுவலர் மெல்ல. "மிச்சம் நிக்கும்."

"அதாங்க. மிச்சம் நிக்கும்."

"குறுவையச் சும்மா போடச் சொல்றா," என்றார் துரைராசு தியாகராசனிடம், அவள் அங்கே இல்லாதது போல. "மேட்டூரு தொறந்து, வாய்க்கா நெறையத் தண்ணி போகயில நான் நெலத்தச் சும்மா போட்டுட்டு நிக்கணுமாம். ஊரு சிரிக்கும்." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பேறினார். "நீ பறிக்கலேன்னா பட்டுக்கோட்டைப் பக்கத்துலேருந்து ஆளு வரும். கையில வித்தை உள்ளவ நீ ஒருத்தி மட்டுமில்ல."

அவர் சொன்னபடியே செய்வார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் புதிய பெண்கள் வருவார்கள். தடவித் தடவி, மிகக் கவனமாகப் பறிப்பார்கள். முதல் மூன்று போகமும் வயல் கண்ணாடி போல இருக்கும்.

போலீசுக்கு அவர் போகவில்லை. மாசி பிறந்து பத்தாம் நாள், தாசில்தார் அலுவலகத்திலிருந்து சங்கிலியும் காகிதக்கட்டுமாக இருவர் வந்து குடியிருப்பை அளந்தார்கள். நான்காவது குடிசை வேம்புடையது. சாரல் பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சுவரோரம் நின்று சிரித்தார்.

"என்னம்மா இது, வாசல்லயே நாத்து விட்டிருக்கீங்க? அழகா இருக்கே, ஊதாவும் பச்சையுமா."

வேம்பு பார்த்தாள். அவள் அங்கே எதையும் விதைக்கவில்லை. காலைக் கழுவும் கல்லைச் சுற்றியும், சேலையை உதறிக் காயப்போடும் கொடியின் கீழேயும், ஒரு விரற்கடை உயரத்தில், நெருக்கமாக முளைத்திருந்தது. பெரும்பாலும் ஊதா, இடையிடையே பச்சை. குனிந்தாள். பழக்கத்தினால் வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, பச்சையாக இருந்த ஒன்றை நோக்கி நீண்டன. பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் அளக்க வந்தவர்களிடம்.

"நேரமாகுதும்மா. உங்க பேரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"வேம்பு. எழுதிக்கிட்டே இருங்க, வந்துடறேன்."

உள்ளே சென்று மண்வெட்டியை எடுத்து வந்தாள். சுவரின் ஓரத்திலிருந்து தொடங்கி, முளைத்த இடம் முளைக்காத இடம் என்று பாராமல், தன் மனையின் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் கவிழ்க்கலானாள். எது கவிழ்கிறது என்பதை அவள் குனிந்து பார்க்கவில்லை. அளக்க வந்தவர்கள் சங்கிலியைத் தரையில் போட்டுவிட்டு, அவள் கிழக்கு எல்லைக்கல்லை எட்டும்வரை காத்து நின்றார்கள்.